நெய்தற் சுறாவும் குறிஞ்சித் தவளையும்

தமிழ் பயில்வோர்க்கு ஒப்பீடு புதியதன்று. கம்பரையும் மில்டனையும் ஒப்பிடுகிறோம். சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரப் பாடல்களோடு ஒப்பிடுகிறோம். ஒரே காலத்துக் கவிஞர் இருவரை எடுத்துக்கொண்டு ஒற்றுமை வேற்றுமைகளைப் பட்டியலிடுகிறோம். நாம் ஈண்டு ஒப்பிட எடுத்துக்கொள்வன நூல்கள் அல்ல, இரண்டு உயிர்கள். ஒன்று, உலகிலுள்ள மீன்கள் அனைத்தினும் பெரியதாகிய திமிங்கிலச் சுறா. மற்றொன்று, மேற்குத் தொடர்ச்சி மலையின் மண்ணுக்குள் மறைந்து வாழும் ஊதாத் தவளை. இரண்டும் இடருக்குள்ளானவை. இரண்டும் நம் நாட்டில் வாழ்பவை.

"சுறாவுக்கும் தவளைக்கும் என்ன உறவு? தமிழ்த்துறை மலரில் இவற்றிற்கு என்ன வேலை?" என்று வினவுவோர் இருக்கலாம். வினா நியாயமானதே. நம் விடை இது: நிலமும் பொழுதும் முதற்பொருள், அந்நிலத்தில் தோன்றி வாழ்வன கருப்பொருள், அவற்றைச் சார்ந்து எழும் ஒழுக்கம் உரிப்பொருள் என்று வகுத்தவர்கள் நம் முன்னோர். மரமும் மாவும் புள்ளும் அவர்களுக்கு வெறும் அலங்காரமாக இருக்கவில்லை. நிலத்தின் உறுப்புகளாகவே இருந்தன. அந்த இலக்கணத்தைத் தேர்வுக்காக மட்டும் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம். இன்று உயிரினங்களைக் காப்பது பற்றி உலகம் நடத்தும் விவாதத்திற்கு அவ்விலக்கணம் ஒரு தெளிவைத் தரவல்லது என்பது நம் கருத்து. அதனை நிறுவவே இவ்விரு உயிர்களையும் அழைத்து வந்திருக்கிறோம்.

நெய்தலின் பேருயிர்

திமிங்கிலச் சுறா திமிங்கிலம் அன்று. செவுள்களால் மூச்சு விடும் மீன். நன்கு வளர்ந்தது 12 மீட்டர் நீளம் இருக்கும். 18 மீட்டர் வரை வளர்ந்தவையும் அறியப்பட்டுள்ளன. இத்துணைப் பேருடல் வாய்த்தும் அது யாரையும் வேட்டையாடுவதில்லை. வாயை அகலத் திறந்து மெல்ல நீந்தி, நீரோடு உட்புகும் நுண்ணுயிர்களையும் மீன் முட்டைகளையும் சிறு மீன்களையும் வடிகட்டி உண்கிறது. பல்லாயிரக்கணக்கில் பற்கள் உண்டு. அவை அனைத்தும் கடிப்பதற்குப் பயன்படாத மிகச் சிறிய பற்கள்.

அதன் முதுகில் வெண்புள்ளிகள் வானத்து மீன்களைப் போல் சிதறிக் கிடக்கும். ஒன்றன் புள்ளிக் கோலம் மற்றொன்றுக்கு இராது. மனிதனுக்குக் கைரேகை போல. விண்மீன்களின் அமைப்பை ஒப்பிட வானியலார் உருவாக்கிய கணக்கு முறையையே சற்று மாற்றி, 2005-ஆம் ஆண்டில் இச்சுறாக்களை ஒவ்வொன்றாய் அடையாளம் காணப் பயன்படுத்தினர் ஆய்வாளர். கடல்மீனை அறிய வான்மீன் உதவியது என்பது கவிஞர் கற்பனைக்கும் எட்டாத செய்தி.

இதன் பிறப்பு பற்றி நெடுங்காலம் தெளிவில்லாதிருந்தது. 1995-ஆம் ஆண்டு தைவான் கடலில் பிடிபட்ட ஒரு பெண் சுறாவின் வயிற்றில் ஏறத்தாழ 300 கருக்கள் இருந்தன. முட்டை தாயின் வயிற்றிலேயே பொரிந்து, குட்டியாக வெளிவருகிறது என்பது அப்போதுதான் உறுதியாயிற்று. முந்நூறு குட்டிகள் என்றதும் இவ்வினத்திற்குக் குறைவில்லை என்று எண்ணிவிடுதல் கூடாது. இச்சுறா இனப்பெருக்கப் பருவம் எய்துவதற்கே இருபது முப்பது ஆண்டுகள் ஆகும் என்று கணிக்கின்றனர். ஒரு மனிதத் தலைமுறைக் காலம் காத்திருந்து தாயாகும் உயிரை ஒரு நாளில் தூண்டிலிட்டுக் கொன்றால், இழப்பை ஈடுசெய்ய மற்றொரு தலைமுறை வேண்டும்.

உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2016-ஆம் ஆண்டில் இதனை 'அழியும் இடரிலுள்ள இனம்' என்று தன் சிவப்புப் பட்டியலில் வகைப்படுத்தியது. மூன்று தலைமுறைக் காலத்தில் உலக அளவில் இதன் எண்ணிக்கை பாதிக்கு மேல் குறைந்திருக்கும் என்பது அம்மதிப்பீட்டின் சாரம்.

பெயர் மாறியது, கை நின்றது

இச்சுறாவின் இந்திய வரலாற்றில் முதன்மையான இடம் குஜராத்தின் சௌராட்டிரக் கரைக்கு உண்டு. வேராவல், போர்பந்தர் முதலிய ஊர்களின் மீனவர்கள் பழங்காலத்தில் இதன் ஈரல் எண்ணெயை மரப் படகுகளுக்கு நீர் புகாவண்ணம் பூசப் பயன்படுத்தினர். அது சிறு தேவை, சிறு வேட்டை. 1990-களில் நிலை மாறியது. இறைச்சிக்கும் துடுப்புக்கும் வெளிநாட்டுச் சந்தை, குறிப்பாகத் தைவான் சந்தை திறந்தது. பெருங்கொக்கியை உடலில் மாட்டி, அதன் கயிற்றில் மிதவைப் பீப்பாய்களைக் கட்டிவிடுவர். சுறா ஆழத்திற்குச் செல்ல இயலாமல் களைத்துப் போகும். பின்பு கரைக்கு இழுத்து வருவர். அந்தப் பீப்பாயின் பெயரே மீனுக்கும் ஆகிவந்தது. மீனவர் அதனைப் 'பேரல்' என்றே அழைத்தனர். உயிர் மறைந்து, அதனைக் கொல்லும் கருவியின் பெயர் நின்றது. இலக்கணத்தில் இதனைக் கருவியாகுபெயர் என்போம். வாழ்க்கையில் இதனை என்னென்பது?

மைக் பாண்டே என்னும் ஆவணப்பட இயக்குநர் 2000-ஆம் ஆண்டில் இக்கொலையைப் படமாக்கி வெளியிட்டார். 2001-ஆம் ஆண்டில் நடுவண் அரசு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில் இச்சுறாவைச் சேர்த்தது. புலிக்கும் யானைக்கும் அளித்த அதே பாதுகாப்பு ஒரு மீனுக்கு அளிக்கப்பட்டது நம் நாட்டில் அதுவே முதன்முறை. 2002-ஆம் ஆண்டில் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையும் இதனைத் தன் பட்டியலில் ஏற்றது.

ஆயினும் சட்டம் தில்லியில் இருந்தது. சுறா கடலில் இருந்தது. இடையில் மீனவர் இருந்தனர். சட்டம் பற்றிக் கேள்விப்படாத மீனவரே பலர். இந்நிலையில்தான் 2004-ஆம் ஆண்டு இந்திய வனவுயிர் அறக்கட்டளை, குஜராத் வனத்துறை, டாட்டா கெமிக்கல்ஸ் நிறுவனம் ஆகியவை இணைந்து ஒரு பரப்புரையைத் தொடங்கின. இராமகதை சொல்வதில் புகழ்பெற்ற மொராரி பாபு அதன் முகமாக விளங்கினார். அவர் சட்டப் பிரிவுகளை விளக்கவில்லை. இச்சுறா தலைப்பிள்ளை பெறத் தாய்வீடு வரும் மகளைப் போன்றது. வீடு தேடி வந்த மகளைக் கொல்வீர்களா என்று கேட்டார். 'பேரல்' என்ற பெயர் போய் 'வஹாலி' என்ற பெயர் வந்தது. குஜராத்தி மொழியில் அன்புக்குரியவள் என்பது அதன் பொருள்.

உவமை ஒன்று ஊரை மாற்றிய வரலாறு இது. ஆனால் உவமையோடு நின்றிருந்தால் மாற்றம் நிலைத்திராது. வலையில் சுறா சிக்கும்போது அதனை விடுவிக்க வலையை அறுத்தாக வேண்டும். மீனவனுக்கு வலைதான் முதலீடு. எனவே அறுத்த வலைக்கு அரசு இழப்பீடு வழங்க முன்வந்தது. மீனவரே ஒளிப்படம் எடுத்துச் சான்று தரலாம் என்ற எளிய ஏற்பாடும் பின்னர் வந்தது. அன்று முதல் குஜராத் கரையில் விடுவிக்கப்பட்ட சுறாக்கள் எண்ணூற்றுக்கும் மேல். ஒரு காலத்தில் கொக்கி வீசிய கைகளே இன்று வலையை அறுத்து விடுகின்றன.

நம் கரையிலும் இச்சுறாவுக்கு 'அம்மணி உழுவை' என்னும் பெயர் வழங்குகிறது. இலக்கியத்தில் உழுவை என்பது புலி. மன்னார் வளைகுடாவில் இது தற்செயலாய் வலையில் சிக்குவதும் கரையொதுங்குவதும் உண்டு. பரதவர் சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டதைப் பட்டினப்பாலை காட்டுகிறது. அஞ்சத்தக்கதை வணங்குவதும், வணங்கியதற்கு மரியாதைப் பெயர் இடுவதும் நெய்தல் மக்களின் பழைய பண்பு.

குறிஞ்சியின் மறையுயிர்

இனி மலைக்குச் செல்வோம். ஊதாத் தவளை ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் நீளமே உடையது. ஊதிய உடல், சிறு தலை, கூரிய வெளிறிய மூக்கு, மிகச் சிறிய கண்கள், மண்ணைத் தோண்டுதற்கேற்ற குறுகிய வலிய கால்கள். பன்றிமூக்குத் தவளை என்றும் இதனைக் கூறுவர். சூத்திரங்கள் இடைவிட்டு இயைவதைத் தவளைப் பாய்த்து என்று நன்னூல் கற்றோர் அறிவர். இத்தவளைக்கோ பாய்ச்சலே இல்லை. ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் கழித்து, அங்கேயே கறையானை உண்டு வாழ்கிறது. மழைக்காலத்தின் தொடக்கத்தில் சில நாள்கள் மட்டும் இனப்பெருக்கத்திற்காக வெளியே வருகிறது. மலையோடைகளில் முட்டையிட்டுவிட்டு மீண்டும் மண்ணுக்குள் மறைகிறது. தலைப்பிரட்டைகள் உறிஞ்சும் வாயால் பாறையைப் பற்றிக்கொண்டு, பாய்ந்தோடும் நீரில் அடித்துச் செல்லப்படாமல் வளர்கின்றன.

இதன் தலைப்பிரட்டையை அறிவியலார் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கண்டு எழுதியிருந்தனர். ஆயினும் வளர்ந்த தவளையை அறிவியல் உலகம் அறிந்தது 2003-ஆம் ஆண்டில்தான். எஸ்.டி. பிஜு, பிராங்கி போசுய்த் ஆகிய இருவரும் கேரளத்தின் இடுக்கிப் பகுதியில் கிடைத்த இதனைப் புதிய இனமாக மட்டுமன்றிப் புதிய குடும்பமாகவே அறிவித்தனர். இதற்கு மிக நெருங்கிய உறவினத் தவளைகள் வாழ்வது ஏறத்தாழ 3000 கிலோமீட்டருக்கு அப்பால், இந்தியப் பெருங்கடலின் செசெல்சுத் தீவுகளில். இந்தியாவும் செசெல்சும் ஒரே பெருநிலத்தின் பகுதிகளாய் இருந்த காலத்திலேயே இவற்றின் கால்வழிகள் பிரிந்துவிட்டன. அது ஏறத்தாழ பத்துக்கோடி ஆண்டுகளுக்கு முன்பு. கண்டங்கள் பிரிந்ததற்குச் சாட்சி சொல்ல ஒரு தவளை மண்ணுக்குள் காத்திருந்தது.

மண்ணில் மறைந்து கிடக்கும் நுணலும் தன் குரலாலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துக் கெடும் என்பது நம் பழமொழி. இத்தவளையின் ஆண், இனப்பெருக்கக் காலத்தில் மண்ணுக்கடியில் இருந்தே குரல் கொடுக்கும். ஆய்வாளர் அக்குரலைக் கேட்டே அதன் இருப்பிடத்தை அறிகின்றனர். பழமொழியின் நுணல் வாயால் கெட்டது. இந்த நுணல் வாயால் அறியப்படுகிறது. அறியப்படாத உயிரைக் காக்க யாரும் முன்வருவதில்லை ஆதலின், இதன் குரல் இதற்கு அரணாகலாம்.

2017-ஆம் ஆண்டில் இத்தவளையின் இனமான மற்றொன்று திருவில்லிபுத்தூரை ஒட்டிய மலைச்சரிவிலிருந்து அறிவிக்கப்பட்டது. கோவையிலுள்ள சாலிம் அலி பறவையியல் மற்றும் இயற்கை வரலாற்று மையத்தில் பணியாற்றி, 2014-இல் அகத்தியமலைப் பகுதியில் களப்பணியின்போது உயிர்நீத்த ஆய்வாளர் பூபதியின் பெயரை அதற்குச் சூட்டினர். கேரளச் சரிவின் தவளை தென்மேற்குப் பருவமழையை ஒட்டிய முதல் மழைகளில் வெளிவருகிறது. நம் பக்கத்துத் தவளையோ வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருக்கிறது. ஒரே மலை, இரண்டு சரிவு, இரண்டு மழை, இரண்டு இனம். நிலமும் பொழுதும் உயிரை வகுக்கும் என்று நம் இலக்கணம் கூறியதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பதரிது.

சிவப்புப் பட்டியல் 2004-ஆம் ஆண்டில் கேரளத் தவளையை அழியும் இடரிலுள்ள இனமாகப் பதிவு செய்தது. பின்னர் வேறு சில இடங்களிலும் அது காணப்பட்டது. எனினும் அதன் வாழிடம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒடுங்கிய பகுதியே. காடு ஏலத் தோட்டமாகவும் காப்பித் தோட்டமாகவும் மாறுதல், ஓடைக்குக் குறுக்கே தடுப்பணை எழுதல், சாலை அகலுதல் ஆகியவையே இத்தவளைக் குலத்திற்கு வரும் இடர்கள்.

கருவைக் காத்தலும் முதற்பொருளைக் காத்தலும்

ஒப்பீட்டின் மையத்திற்கு வந்துவிட்டோம். சுறா அழிவது கையால். தவளை அழிவது இடத்தால். சுறாவைக் கொல்பவன் ஒருவன் உண்டு. அவன் கையில் கொக்கியோ வலையோ இருக்கும். தவளையைக் கொல்பவன் என்று யாரையும் சுட்ட முடியாது. ஓடையைத் திருப்பியவன் தவளையைப் பார்த்ததே இல்லை. சாலை போட்டவன் அதன் பெயரையும் கேட்டதில்லை. குற்றவாளி இல்லாத கொலை அது.

இது இவ்விரண்டு இனங்களுக்கு மட்டும் உரிய வேறுபாடன்று. சுறா, திருக்கை வகைகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட இனங்கள் இடரில் உள்ளன என்று 2021-இல் வெளியான உலக மதிப்பீடு கூறுகிறது. அவற்றில் ஏறக்குறைய அனைத்திற்கும் காரணம் அளவிறந்த மீன்பிடிப்பு. நீர்நில வாழ்விகளில் நூற்றுக்கு 41 இனங்கள் இடரில் உள்ளன என்று 2023-இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது. அவற்றிற்கு மிகப் பரவலான காரணம் வாழிடம் அழிதல். நோயும் வெப்பநிலை மாற்றமும் அதனோடு சேர்ந்துகொள்கின்றன.

வேறுபாடு முற்றானதன்று என்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். சுறாவும் கப்பல் மோதி இறக்கிறது. கடல் மாசினால் நலிகிறது. தவளைக்கும் கையால் வரும் கேடு உண்டு. நம் நாட்டு வயல்களின் தவளைகளைக் கால்களுக்காகப் பிடித்து ஏற்றுமதி செய்த காலம் ஒன்று இருந்தது. 1987-ஆம் ஆண்டில் அவ்வேற்றுமதி தடை செய்யப்பட்டது. அத்தடை வயல் தவளைக்குப் பயன்பட்டது. ஏனெனில் அங்கே அழிவு கையால் வந்தது. ஆணை கையைத் தடுத்தது. மலைத் தவளைக்கு அத்தகைய ஆணையால் ஆவது சிறிதே.

இதற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு சான்று காட்டலாம். தான்சானியா நாட்டின் கிஹான்சி அருவியடியில், நீர்த்திவலை எந்நேரமும் தெறிக்கும் ஏறத்தாழ 2 எக்டேர் நிலத்தில் மட்டும் ஒரு சிறு தேரை இனம் வாழ்ந்து வந்தது. அது கண்டறியப்பட்டது 1996-இல். மின்னாக்கத்திற்காக மேலே கட்டப்பட்ட அணை 2000-ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கி அருவியின் நீரைத் திருப்பியது. திவலை நின்றது. செயற்கையாக நீர் தெளித்துப் பார்த்தனர். பின்னர் நோயும் தாக்கியது. 2009-இல் அது இயற்கையில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. முன்கூட்டியே அமெரிக்க விலங்குக்காட்சிச் சாலைகளுக்குக் கொண்டு சென்ற தேரைகளின் வழிவந்தவற்றை 2012 முதல் மீண்டும் அங்கே விட்டு வருகின்றனர். அத்தேரையை எவரும் வேட்டையாடவில்லை. அணை கட்டியவர்க்கும் அதன்மேல் பகையில்லை. வறிய நாட்டுக்கு மின்சாரம் வேண்டும் என்பதிலும் தவறில்லை. ஆயினும் இனம் இயற்கையில் அற்றது.

நம் திணையிலக்கணத்தின் சொற்களில் கூறின், நம் சட்டங்கள் பெரிதும் கருப்பொருளைக் காப்பவை. இன்ன உயிரைக் கொல்லாதே என்பவை. சுறாவுக்கு அது பெரும்பாலும் போதும். தவளைக்கு முதற்பொருளைக் காத்தல் வேண்டும். அதற்கு ஓடை வேண்டும். ஓடையோரத்து ஈரமண் வேண்டும். காலந்தவறாத முதல் மழை வேண்டும். நிலம் போனாலும் தவளை போகும். பொழுது பிறழ்ந்தாலும் தவளை போகும்.

சுமை யார்மேல்?

ஈண்டு ஒரு கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். கொல்லாதே என்னும் சட்டத்தின் சுமை பெரும்பாலும் எளியவர்மேல் விழுகிறது. மீனவர், பழங்குடியினர் ஆகியோரே அதற்கு முதலில் ஆளாவோர். மலைப் பழங்குடியினர் சிலர் ஊதாத் தவளையின் தலைப்பிரட்டையை மழைக்காலத்தில் உணவாகக் கொள்வதுண்டு. அதனைத் தடுக்க ஆணை பிறப்பிப்பது எளிது. ஓடையை வளைத்துக் கட்டிய மாளிகையையோ, மலையைக் குடைந்த கல்லுடைப்பையோ தடுப்பது எளிதன்று. இடத்தைக் காக்கும் சட்டம் வலியவர் வாயிலையும் தட்டும். நாம் முதல்வகைச் சட்டத்தில் விரைவும் இரண்டாம் வகையில் தயக்கமும் காட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே கருதுகிறோம்.

மேற்குத் தொடர்ச்சி மலையைப் பற்றி மாதவ் காட்கில் தலைமையிலான குழு 2011-இல் அறிக்கை அளித்தது. கஸ்தூரிரங்கன் தலைமையிலான குழு 2013-இல் மற்றோர் அறிக்கை அளித்தது. எளிதில் ஊறுபடும் பகுதிகளை வரையறுக்கும் வரைவு அறிவிக்கை 2014-இல் வெளியாயிற்று. பின்னர் அதுவே திரும்பத் திரும்ப வெளியிடப்பட்டு, 2024 சூலை 31-ஆம் நாள் ஆறாம் முறையாக வெளிவந்தது. அதற்கு முந்தைய நாள்தான் வயநாட்டில் மலை சரிந்து நூற்றுக்கணக்கானோர் மாண்டனர்.

இவ்வறிக்கைகளை எதிர்த்து 2013-இல் இடுக்கியின் சிறு விவசாயிகள் தெருவிற்கு வந்தனர். அவர்களைப் பேராசைக்காரர் என்று ஒதுக்கிவிடுதல் அறமாகாது. நிலத்தை இழந்துவிடுவோம், வீடு கட்டவும் தடை வரும் என்று அவர்கள் அஞ்சினர். அந்த அச்சத்தைப் போக்கும் சொல் அவர்கள் மொழியில், அவர்கள் நம்பும் ஒருவர் வாயிலாக உரிய காலத்தில் சென்று சேரவில்லை. அறுத்த வலைக்கு இழப்பீடு என்று கடற்கரையில் கூறியது போல, ஓடையோரத்தை விட்டுக்கொடுக்கும் உழவனுக்கு இன்னது ஈடு என்று மலையில் தெளிவாகக் கூறப்படவில்லை. குஜராத்தில் சட்டமும் அன்பும் ஈடும் மூன்றும் சேர்ந்தன, சுறா பிழைத்தது. மலையில் சட்டம் வரைவாகவே நின்றது. மற்ற இரண்டும் உடன் வரவில்லை.

"கண்ணிற் படாத தவளைக்காக மனிதன் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?" என்பது எதிர்வாதம். தவளை கேட்பது என்னவென்று பார்த்தால் விடை தெரியும். வற்றாத ஓடை, சரியாத மண், காலத்தில் பெய்யும் மழை ஆகியவற்றையே அது கேட்கிறது. மலையடிவாரத்தில் வாழும் மனிதன் கேட்பதும் இவற்றைத்தான். சுறாவைக் காத்தால் சுறா பிழைக்கும். தவளையின் இடத்தைக் காத்தால் அவ்விடத்தில் வாழும் அனைவரும் பிழைப்பர்.

பெரிய உயிரின் நிழலில் சிறிய உயிர் ஒதுங்குவதும் உண்டு. 2021-இல் திருவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகம் அமைந்தது. புலிக்கென்று வகுத்த காட்டில் பூபதியின் தவளைக்கும் இடம் கிடைத்தது. அது நற்பேறு. ஆனால் எல்லா ஓடையருகிலும் புலி வாழ்வதில்லை. புலியில்லாத ஓடைக்கும் மதிப்புண்டு என்று நாம் கற்றாக வேண்டும்.

தமிழ் மாணவர்க்கு ஒரு பணி

இதில் மொழி பயில்வோர் செய்யத்தக்கது யாது? சுறா பிழைத்த கதையில் பாதி, பெயர் மாறிய கதை. பீப்பாயாக இருந்தவரை அதனை அறுத்தார்கள். அன்புக்குரியவள் ஆனதும் விடுவித்தார்கள். கேரளத்தார் ஊதாத் தவளையை மாவேலித் தவளை என்றும் அழைக்கின்றனர். ஆண்டுக்கொருமுறை பாதாளத்திலிருந்து வந்து தன் மக்களைக் கண்டு மீளும் மாவலி மன்னனின் பெயர் அது. அதனை மாநிலத்தின் அடையாளத் தவளையாக அறிவிக்க வேண்டும் என்ற கருத்தும் அங்கே எழுந்தது. நம் சரிவில் வாழும் தவளைக்கு நூல் வழக்கிலே பெயருண்டு. ஊர் வழக்கிலே என்ன பெயர் என்று நம்மில் எத்தனைபேர் தேடினோம்?

தமிழ் இலக்கியம் பயிலும் மாணவர்கள் ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடி அலைவதை ஆண்டுதோறும் காண்கிறோம். கடற்கரைக்குச் சென்று மீன்களுக்கு மீனவர் வழங்கும் பெயர்களைத் தொகுக்கலாம். மலையடிவாரத்திற்குச் சென்று தவளைக்கும் தேரைக்கும், ஓடைக்கும் மழைக்கும் அங்குள்ளோர் வழங்கும் சொற்களைத் தொகுக்கலாம். உயிர் அழிந்தபின் அதன் பெயர் அகராதியில் மட்டும் வாழும். பெயர் அழிந்துவிட்டால் உயிர் அழிவதை யாரும் உணரமாட்டார். இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை.

அத்தொகுப்பு மட்டுமே தவளையைக் காத்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. சட்டம் இயற்றுவோர் இயற்ற வேண்டும். ஈடு வழங்குவோர் வழங்க வேண்டும். அறிவியலார் அளந்து கூற வேண்டும். ஆனால் மலையிலும் கடலிலும் வாழும் மக்களோடு அவர்கள் மொழியில் பேசத் தெரிந்தவர் யாரேனும் இடையில் நிற்க வேண்டும். குஜராத்தில் அவ்விடத்தில் ஒரு கதைசொல்லி நின்றார். தமிழ்நாட்டில் அவ்விடம் காலியாக இருக்கிறது. கதையும் உவமையும் சொல்லும் பயிற்சி பெற்று ஆண்டுதோறும் வெளியேறும் நம் மாணவர்கள் அதனை நிரப்புவார்களாயின், திணையிலக்கணம் படித்ததன் பயனை அவர்களும் பெறுவர். மலைச்சரிவின் ஈரமண்ணில் குரல் கொடுக்கும் அச்சிறு தவளையும் பெறும்.